முடியைத் தூக்கிக் கட்டச் சொன்னார்

1

பூனைக்கு நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும் என்று போன செவ்வாய்க்கிழமை சொன்னார்கள். ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். மேல்பட்டாம்பாக்கத்தில் பூனைக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் அது தானே எங்காவது போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டு நாளில் திரும்பி வரும், இல்லையென்றால் வராது. அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை. இங்கே பினாங்கில் பூனைக்கு ஃபைல் இருக்கிறது.

பூனை என் மகள் சபியாவுடையது. அவள் எங்களோடு இல்லை, தனியாக அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள், பேங்கில் வேலை. ஊரில் என் தங்கை ரமீஜா மௌத்தாகி ஒரு வருஷம் ஆகிறது. வருஷ பாத்திஹா ஓதுவதற்காகச் சபியா லீவு போட்டுவிட்டு மேல்பட்டாம்பாக்கம் போயிருக்கிறாள். எனக்கு முழங்கால் தகராறு, விமானத்தில் அத்தனை நேரம் மடக்கி உட்கார முடியாது. என் மனைவி ஜொகரா, "நீ போய்ட்டு வாம்மா, பூனையை நான் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டாள். மூன்றாம் நாளே பூனை இருமத் தொடங்கியது.

மிருக வைத்தியசாலையில் ஒரு பாரம் கொடுத்தார்கள். பூனையின் பெயர், வயது, நிறம், குடும்பப் பெயர். எங்கள் வீட்டில் மனிதர்களுக்கே குடும்பப் பெயர் கிடையாது என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் மலாயில் சொன்னேன். அந்த இடம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் ஏற்காது என்றாள். வேறு வழியில்லாமல் என்னைப் பெற்ற அத்தாவின் பெயரை எழுதினேன். அரை மணி கழித்து அந்தப் பெண் அறைக்கு வெளியே வந்து பூனை பெயரையும் என் அத்தா பெயரையும் சேர்த்து உரக்கக் கூப்பிட்டாள். ஐந்து வேளை தொழுத மனிதர், நெல்லிக்குப்பம் சந்தையில் நாலு பேர் எழுந்து நின்று சலாம் சொல்லும் மனிதர். "எழுந்திருங்க, ஒங்க அத்தாவைக் கூப்புடுறாங்க" என்றாள் ஜொகரா.

டாக்டர் ஒரு சீனப் பெண், சபியாவைவிடச் சின்ன வயது. பூனையின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, படம் எடுத்தால் நல்லது என்றாள். அதன் கழுத்துப் பட்டையை அவிழ்த்து ஜொகராவின் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது மலாயில் சாதாரணமாக ஒன்று சொன்னாள். உடம்பின் மேல் எதையாவது விட்டுவிட்டுப் படம் எடுத்தால் அதன் நிழல் விழும், இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும் என்றாள்.

ஜொகராவுக்கு மலாய் நன்றாகத் தெரியும், என்னைவிட நன்றாகவே தெரியும். மார்க்கெட்டில் பழகிய மலாய். பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் வீடு வரைக்கும் அதைப் பைக்குள் போடவில்லை. அந்த ஒரு வாக்கியம் இவள் காதில் விழக்கூடாது என்று முப்பது வருஷத்துக்கு மேல் பயந்து கிடந்தவன் நான். கடைசியில் அது ஒரு பூனையின் பேரில் வந்து சேர்ந்தது. ஏன் பயந்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

2

அறுபதுகளின் தொடக்கம். பினாங்கில் ஒரு கைலிக் கடையில் கணக்குப்பிள்ளை மாதிரியும் கூலி மாதிரியும் இருந்தேன். லீவில் ஊருக்கு வந்திருந்தபோது ஜொகராவையும் பிள்ளையையும் அழைத்துப் போக அனுமதி கேட்டு எழுதியிருந்தேன். கடிதம் வந்தது. வயது வந்தவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே வேண்டும், படத்தோடு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்று போட்டிருந்தது. சபியாவுக்கு அப்போது ஏழு மாதம்.

கடலூருக்கு பஸ் ஏறினோம். மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் எக்ஸ்ரே கூடம், வீட்டின் முன்பக்கத்தைத் தடுத்துக் கட்டியது. உள்ளே மருந்துத் தண்ணீரில் கழுவிய படங்களைத் துணி காயப்போடுகிற மாதிரி கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். படம் எடுப்பவர் நடுத்தர வயசுக்காரர், அவசரக்காரர். ஜொகராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார்.

"பாய், அவுங்களை அந்தப் பலகையில நெஞ்சை ஒட்டி நிக்கச் சொல்லுங்க. முக்காட்டை எடுத்துட்டு, முடியைத் தூக்கி உச்சியில கட்டச் சொல்லுங்க."

"முக்காடு எடுக்க முடியாது" என்றேன்.

"எடுத்தா நல்லது பாய்."

"ஆம்பளை முன்னால தலையைத் தொறக்கறது எங்கள்ள வழக்கம் இல்ல. படம் நெஞ்சுக்குத்தானே, தலைக்கு இல்லையே? அப்படியே எடுங்க."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். வெளியே இன்னும் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். "ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வெளிநாட்டிலிருந்து வந்தவன், மார்க்கத்தை விட்டுவிட்டான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்கிற வீம்பு. ஜொகரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ சும்மா நில்லு" என்றேன். அவளுக்குக் கைக்குள் அடங்காத முடி, இடுப்புக்குக் கீழே வரும். எண்ணெய் வைத்து இறுகப் பின்னி, வலது தோள் மேலாக முன்பக்கம் போட்டு, அதன் மேல் முக்காடு. அப்படியே நின்றாள். மூச்சைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தாள். அவ்வளவுதான்.

மறுநாள் படத்தை வாங்கிக்கொண்டு பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனேன். சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வலது பக்கம், மேலே, விரலை வைத்துக் காட்டினார். வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி இருந்தது. "டி.பி." என்றார்.

3

இங்கே மாதம் ஒரு தடவை எனக்கு ரத்தம் எடுக்கிறார்கள். கிளினிக்கில் நம்பர் சீட்டு வாங்கி உட்கார வேண்டும். என்னைப் போலவே நாலைந்து கிழவர்கள் எல்லா மாதமும் அதே நாற்காலிகளில் இருப்பார்கள். சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று சீட்டில் வரும். எது கூடினாலும் ஒன்றும் தோன்றுவதில்லை. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரொட்டி சானாய் சாப்பிடப் போய்விடுவேன். ஜொகரா கோபிப்பாள். டெஸ்ட் என்று எழுதி வருகிற எதையும் நான் முழுசாக நம்புவதில்லை என்று அவளிடம் சொன்னதில்லை.

அப்போது கடலூரில் ஜொகராவுக்குச் சளி டெஸ்டும் செய்யச் சொன்னார்கள். சளியே இல்லாதவள் சளிக்கு எங்கே போவாள்? விடியக்காலையில் எழுந்து கிணற்றடியில் நின்று இருமி இருமிப் பார்த்தாள். கடைசியில் கொஞ்சம் எச்சில்தான் வந்தது. அதைத் தைல பாட்டிலில் போட்டு எடுத்துப் போனேன். பாட்டிலைக் கழுவினீங்களா என்று கம்பவுண்டர் திட்டினார். அந்தக் காலத்தில் அப்படித்தான், வெளிக்குப் போனதைத் தீப்பெட்டியில் கொண்டுவந்து மேஜையில் வைப்பவர்கள் நடுவில் என் தைல பாட்டில் மரியாதையாகத்தான் இருந்தது. கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை டாக்டரிடம் காட்டினேன்.

"சளியில இல்லாட்டி என்னா பாய், படத்துல இருக்குதே" என்றார். தினம் ஊசி, அப்புறம் நாள் விட்டு நாள் ஊசி, கூடவே மாத்திரை, ஒன்றரை வருஷம். தனித் தட்டு, தனித் தம்ளர். பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது, பிள்ளையைக் கிட்டே வைத்துக்கொள்ளவும் கூடாது.

என் தங்கை ரமீஜாவை அதே தெருவில் மூன்று வீடு தள்ளிக் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளுக்கும் நாலு மாதப் பிள்ளை, ஆண். சேதி கேட்டு அவளே வந்தாள்.

"அண்ணே, டின் பால் எல்லாம் வேணாம். எனக்கு ரெண்டு பிள்ளைக்கும் பால் இருக்குது. நான் எடுத்துட்டுப் போறேன்."

எங்கள் மார்க்கத்தில் பால் கொடுத்தவளும் தாய்தான், அது சட்டம். அவள் பிள்ளையும் இதுவும் இனி உடன்பிறப்பு, கல்யாணம் கூடாது. அவனுக்குத்தான் சபியா என்று வீட்டில் பேசி வைத்திருந்த பேச்சு அன்றோடு போயிற்று. அது பெரிய விஷயமாகவே யாருக்கும் படவில்லை.

ஜொகரா பின்கட்டு அறையில் இருந்தாள். மார் கட்டிக்கொண்டு சட்டை நனைந்திருந்தது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"என்னாங்க, ஒரே ஒரு வாட்டி குடுத்துட்டுத் தரேனே."

"வேணாம்."

"இன்னைக்கி வரைக்கும் குடுத்துட்டுத்தானே இருந்தேன்? இன்னும் ஒரு வாட்டில என்னா ஆயிடப் போவுது?"

"டாக்டர் சொல்லிட்டாரு ஜொகரா. வேணாம்."

ரமீஜா பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். எனக்குத் திரும்பிப் போகிற தேதி நெருங்கிவிட்டது, பத்தாவது நாள் கப்பல் ஏறினேன்.

4

ஜொகரா கடிதம் எழுதுவாள். நல்ல கையெழுத்து. இன்று ஊசி போட்டார்கள். இன்று ரமீஜா பிள்ளையைத் தெருவில் நிறுத்திக் காட்டினாள், சன்னல் வழியாகப் பார்த்தேன். நடக்கிறாள். மேலே நாலு பல் இருக்கிறது. இதையெல்லாம் கடைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து படிப்பேன். படித்துவிட்டுக் கைலி மடிப்பேன்.

ஒன்றரை வருஷம் முடிந்து ஊருக்கு வந்தேன். புதுப் படம் வேண்டும், புது சர்டிபிகேட் வேண்டும். ரமீஜாவின் வீட்டுக்காரர் காதர் மச்சான்தான், "இந்த வாட்டி சிதம்பரத்துல காட்டு மாப்ள, நல்ல டாக்டர் ஒருத்தரு இருக்காரு, எக்ஸ்ரேவும் அங்கியே" என்று சொல்லி அனுப்பினார். பழைய படத்தையும் எடுத்துக்கொண்டு போனோம்.

தெற்கு வீதியை ஒட்டிய சந்தில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. ஒரு நர்சம்மா வந்து ஜொகராவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். நானும் பின்னாலேயே போனேன். "நீங்க எங்க வரீங்க பாய்? வெளியில ஒக்காருங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். வெளியே வந்தபோது ஜொகராவின் முக்காட்டுக்குள் முடி உச்சிக் கொண்டையாக மேடு தட்டியிருந்தது. அதைப் பார்த்தேன். ஒன்றும் நினைக்கவில்லை.

மாலையில் டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். விளக்குப் பெட்டியில் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தது. புதுப் படம் சுத்தம். அவர் பழைய படத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எடுக்கும்போது முடியைத் தூக்கிக் கட்டலையா?"

நான் மேஜைக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

"இங்க வாங்க. இந்த நிழல் நுரையீரலோட நிக்கல பாருங்க, தோள்பட்டைக்கு மேலயும் போவுது. கழுத்து வரைக்கும் போவுது. நுரையீரல் கழுத்துலயா இருக்குது?" பென்சில் முனையால் மேலிருந்து கீழே இழுத்துக் காட்டினார். "முறுக்கு முறுக்கா தெரியுதுல்ல? இது பின்னல், பாய். எண்ணெய் வச்ச முடி கனமா இருந்தா இப்படித்தான் வுழும்."

தெரிந்தது. ஒரு தடவை தெரிந்த பிறகு வேறு எதுவுமே தெரியவில்லை. ஜொகராவின் பின்னலை எனக்குத் தெரியாதா?

"ஊசி எத்தினி மாசம்?" என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "போனது போவட்டும். இப்ப நல்லா இருக்காங்க" என்றார். சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. உட்கார்ந்தே மரத்துப் போன கால் மாதிரி மொத்த உடம்பும் இருந்தது. யார் மேல் கோபப்படுவது? அந்த எக்ஸ்ரேக்காரர் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன்.

வெளியே பெஞ்சில் ஜொகரா எழுந்து நின்றாள். "என்னா சொன்னாரு?"

"கொணமாயிடுச்சாம்."

"முழுசாவா?"

"முழுசா."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம், வெட்கம், இரண்டும்தான். பழைய படத்தை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தேன். மறந்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன்.

5

பஸ் இறங்கியதும் ஜொகரா நேரே ரமீஜா வீட்டுக்கு நடந்தாள். என்னால் அவ்வளவு வேகமாகப் போக முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது சபியா ரமீஜாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். ஜொகரா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"போம்மா, ஒங்கம்மாகிட்ட போ" என்றாள் ரமீஜா.

"மச்சிகிட்ட வேணாம்" என்றது பிள்ளை.

அண்ணன் மனைவியை ரமீஜா மச்சி என்றுதான் கூப்பிடுவாள். பிள்ளை அதைத்தான் கேட்டு வளர்ந்தது. அம்மா என்றால் ரமீஜா, சன்னலுக்குப் பின்னால் நிற்கிற ஆள் மச்சி. "கொஞ்ச நாள்ல சரியாயிடும் மச்சி" என்று ரமீஜா சமாதானம் சொன்னாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. பிள்ளையை அவளிடமிருந்து பிரித்துக் கப்பலேற்றியது இரண்டாவது பாவம். சபியா மூன்று நாள் சாப்பிடவில்லை.

சரியாகவில்லை. இன்றுவரை சபியா ஜொகராவை மச்சி என்றுதான் கூப்பிடுகிறாள். மரியாதைக் குறைவாக ஒரு நாளும் நடந்ததில்லை. பெருநாளுக்கு வருவாள், துணி எடுத்துத் தருவாள், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவாள். ஆனால் லீவு கிடைத்தால் மேல்பட்டாம்பாக்கம்தான். போன வருஷம் ரமீஜா மௌத்தான சேதி வந்தபோது தரையில் உட்கார்ந்து "அம்மா, அம்மா" என்று அழுதாள். ஜொகரா பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

சபியா படித்தது மலாயும் இங்கிலீஷும். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. இந்தக் குறிப்பை அவள் வாசிக்கப் போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். ரமீஜாவும் இல்லை, வருத்தப்பட யாரும் மிச்சமில்லை.

6

பூனைக்கு ஒன்றுமில்லை. படம் சுத்தம். தூசிக்கு இருமுகிறது என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தேன். ஜொகரா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முடி நரைத்து மெலிந்துவிட்டது, இப்போது கொண்டை ஒரு எலுமிச்சம்பழம் அளவுதான். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"கடலூர்ல அந்த ஆளு முடியைத் தூக்கிக் கட்டச் சொன்னாரு இல்ல?"

"ஆமாம்."

"நீங்க வேணாம்னீங்க."

"ஆமாம்."

"படத்துல வுழுந்தது அதுவா?"

எத்தனையோ விதமாக இந்தப் பேச்சை மனசுக்குள் பேசிப் பார்த்திருக்கிறேன். "ஆமாம்" என்று மட்டும் சொன்னேன்.

"எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"சிதம்பரத்துல, அந்த டாக்டர் சொன்னாரு."

கீரை ஆய்வது நிற்கவில்லை. "அப்ப எனக்கு ஒண்ணுமே இல்ல" என்றாள். கேள்வி மாதிரியும் இல்லை.

"இல்ல."

"ஒரே ஒரு வாட்டி பால் குடுத்துட்டுத் தரேன்னு கேட்டேன். ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் அடுத்த கொத்தை எடுத்தாள். இத்தனை வருஷம் கழித்தாவது ஒரு நல்ல காரியம் செய்துவிடலாம் என்று நினைத்து, "சபியா ஊர்லேருந்து வந்ததும் நானே ஒக்கார வச்சி எல்லாத்தையும் சொல்லிடுறேன். தப்பு என்னோடதுன்னு சொல்லிடுறேன்" என்றேன்.

"வேணாம்."

"ஏன்? அவளுக்குத் தெரிய வேணாமா?"

ஜொகரா அப்போதுதான் தலையைத் தூக்கினாள்.

"அவ சிநேகிதிங்க வந்தா பேசிட்டிருப்பா, நான் அடுப்படியிலேருந்து கேட்டிருக்கேன். எங்கம்மாவுக்கு அப்ப நோவு, அதனாலதான் என்னை வேற எடத்துல வுட்டுட்டாங்க, பாவம் எங்கம்மான்னு சொல்லுவா. அதைச் சொல்லும்போது மட்டும்தான் என்னை அம்மாங்குறா." கையிலிருந்த காம்பை ஒடித்துப் போட்டாள். "அந்த நோவையும் எடுத்துட்டீங்கன்னா எனக்கு என்னா இருக்குது அவகிட்ட?"

நான் சரி என்றேன்.